காத்தைக் கூட்டாதேங்கோ, கெதியா விடுங்கோ

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் கார் நிறுத்துகிறவர்களுக்கு இது பழகிய காட்சி. இரண்டு கிழமை வண்டியை எடுக்காமல் விட்டுவிட்டு ஒரு காலையில் போய்ப் பார்த்தால் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். டயரில் காற்று இல்லை, சரி, அது பரவாயில்லை. ஆனால் அதன் விளிம்பு ரிம்மை விட்டு உள்ளே நழுவி, விரல் நுழையும் அளவுக்கு வாயைத் திறந்துகொண்டிருக்கும். காருக்குள் சொருகிப் போடும் சின்னப் பம்பை மாட்டினால் அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருக்கும், முள் பூச்சியத்தை விட்டு அசையாது. போன மாதம் எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் எனக்கும் இதுதான் நடந்தது, அதுவும் பின்பக்க இடது சக்கரத்தில், சுவருக்கு ஒரு முழம் கூட இடம் இல்லாத பக்கத்தில்.

கொட்டாஞ்சேனையில் டயர் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணனை எனக்குத் தெரியும். போன் போட்டேன். “தம்பி, காத்தைக் கூட்டாதேங்கோ, கெதியா விடுங்கோ” என்றார். பிறகு கடைக்கு ஆள் வந்துவிட்டது போல, வைத்துவிட்டார். அந்த ஒரு வாக்கியம் விளங்க எனக்கு அரை நாள் பிடித்தது. வீட்டில் டயரை ஏற்றப் பார்க்கிறவர்கள் அனேகமாகப் பிழை விடுவது அந்த இடத்தில்தான். அழுத்தம் காணாது என்று நினைத்துக்கொண்டு இன்னும் பெரிய எண் போட்ட பம்பைத் தேடுகிறோம், காணாமல் இருப்பதோ காற்று உள்ளே போகிற வேகம்.

அந்த விளிம்பைக் கடைகளில் ‘பீட்’ என்பார்கள். பழைய டயரை அறுத்து ஊஞ்சல் கட்டியவர்களுக்கும் பூச்சாடி செய்தவர்களுக்கும் அது என்ன என்று கை அறிந்திருக்கும்: மற்ற இடமெல்லாம் கத்தி ஏதோ ஒரு மாதிரிப் போகும், உள்விளிம்புக்கு வந்ததும் நின்றுவிடும். அங்கே றப்பருக்குள் உருக்குக் கம்பிகள் ஒரு கட்டாகச் சுற்றி வளையமாகக் கிடக்கின்றன. டயரின் நூல் அடுக்குகள் அந்த வளையத்தைச் சுற்றி மடிந்து திரும்புகின்றன. வளையம் நீளாது, அதுதான் அதன் வேலை. டயரை ரிம்மில் பிடித்து வைத்திருப்பது பசையும் இல்லை நட்டும் இல்லை, நீளாத ஒரு கம்பி வளையமும் அதை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும் காற்றும்தான்.

இதைக் கண்டுபிடிக்கக் கொஞ்சக் காலம் எடுத்தது. பிரேசிலில் ஹென்றி விக்காம் சேர்த்த றப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1876இல் அங்கிருந்து கன்றுகளாக எங்கள் கம்பஹாவுக்குப் பக்கத்திலுள்ள ஹெனரத்கொடை தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. ஜோன் பாய்ட் டன்லப் பெல்ஃபாஸ்டில் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்று டயர் செய்தது 1888இல். அதாவது டயர் வருவதற்கு 12 வருடம் முன்பே மரம் இங்கே வந்துவிட்டது. டன்லப்பின் முதல் டயர் சக்கரத்தோடு துணியால் சுற்றி ஒட்டியது, பஞ்சர் ஆனால் எல்லாவற்றையும் உரித்தெடுக்க வேண்டும். 1890இல் சார்ல்ஸ் கிங்ஸ்டன் வெல்ச் என்பவர் விளிம்பில் கம்பி வளையம் வைத்த டயருக்கும் நடுவில் பள்ளம் வைத்த ரிம்முக்கும் காப்புரிமை எடுத்தார். இன்றைக்கு உங்கள் காரில் இருப்பதும் அடிப்படையில் அதே ஏற்பாடுதான். டியூபைத் தூக்கி எறிந்தது மட்டும் பிற்பாடு: 1947இல் அமெரிக்காவின் பி.எப். குட்ரிச் நிறுவனம் டியூப் இல்லாத டயரை அறிவித்தது, 1955 அளவில் அங்கே புதுக் கார்களில் அது சாதாரணமாகிவிட்டது. அதுவரை பீட் டயரைப் பிடித்தால் போதும், காற்றை டியூப் பார்த்துக்கொண்டது. அதற்குப் பிறகு டயரைப் பிடிப்பதும் காற்றை அடைப்பதும் இரண்டுமே பீட்டின் தலையில் விழுந்தது.

அந்தப் பள்ளம் ஏன் வேண்டும்? நீளாத வளையத்தை அதைவிடப் பெரிய விளிம்புள்ள ரிம்மில் எப்படி நுழைப்பது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கத்தை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் இறக்கினால் எதிர்ப்பக்கத்தில் கொஞ்சம் தளர்வு கிடைக்கும், அந்தத் தளர்வில் விளிம்பைத் தாண்டவைக்கலாம். சரியான அளவு வளையலைக் கையைக் குறுக்கி நுழைப்பது போலத்தான். பள்ளத்துக்கு இரு பக்கமும் பீட் உட்காரும் இடம் இருக்கிறது, அது மட்டமாக இல்லாமல் வெளிப்பக்கம் போகப் போக மெல்ல உயரும், கார் ரிம்களில் 5 பாகை. அதனால் பீட் வெளியே தள்ளப்படத் தள்ளப்பட இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். கடைசியில் மதில் மாதிரி ரிம்மின் உதடு. பள்ளத்துக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே வயல் வரம்பு போல ஒரு சின்ன மேடு இருக்கிறது. காற்று குறைந்தாலும் வளைவில் திரும்பும்போது பீட் பள்ளத்துக்குள் விழாமல் இருக்கத்தான் இந்த வரம்பு. டயர் ஏற்றும்போது ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்குமே, அது பீட் இந்த வரம்பைத் தாண்டிக் குதிக்கிற சத்தம். இரண்டு பக்கத்துக்கும் இரண்டு டப்.

இப்போது அண்ணன் சொன்னதற்கு வரலாம். என் வண்டி வேகன் ஆர், டயர் 155/65 ஆர்14. இதற்குள் கொள்ளும் இடம் ஏறத்தாழ 20 லீற்றர். 30 பி.எஸ்.ஐ. (டயர் அழுத்தத்தை அளக்கும் அலகு) ஏற்ற வேண்டுமென்றால் வெளிக்காற்றில் சுமார் 40 லீற்றரை உள்ளே திணிக்க வேண்டும். சின்னப் பம்பு நிமிடத்துக்கு முப்பது லீற்றர் சொச்சம் தந்தாலே பெரிய விஷயம். டயர் மூடியிருந்தால் அது போதும், ஒன்றரை நிமிடத்தில் வேலை முடிந்தது. ஆனால் பீட் உள்ளே இறங்கியிருந்தால் டயர் ஓட்டை வாளி. முப்பது லீற்றர் வரும், முப்பதும் அந்த இடைவெளியால் போகும், உள்ளே பீட்டைத் தள்ளும் அளவுக்கு எதுவும் சேராது. பம்பின் பெட்டியில் 150 பி.எஸ்.ஐ. என்று போட்டிருந்தால் என்ன, 300 என்று போட்டிருந்தால் என்ன. அது அடைத்த டயரில் காட்டும் எண். பழைய ஃபிரிஜ் கம்பிரசரில் செய்த வீட்டுப் பம்புகளும் இப்படித்தான், அழுத்தம் நன்றாக வரும், காற்று நூல் மாதிரி வரும். டயர் கடையில் 100 லீற்றர் தாங்கியில் 120 பி.எஸ்.ஐ. நிறைத்து வைத்திருந்தால் அதற்குள் சாதாரண அழுத்தக் கணக்கில் 800 லீற்றர் அளவு காற்று காத்துக்கொண்டிருக்கிறது, அதைச் சில செக்கன்களில் கொட்டிவிடலாம். காற்று வெளியே ஓடுவதற்கு முன் உள்ளே சேர்ந்து பீட்டை உதட்டோடு அறைந்துவிடும். கெதியா விடுங்கோ என்றால் இதுதான்.

ஆகவே வீட்டில் செய்யக்கூடியது இரண்டே இரண்டு: காற்று போகிற வேகத்தைக் கூட்டுவது, ஓட்டையைச் சிறிதாக்குவது. தந்திரம் என்று இணையத்தில் காட்டுவதெல்லாம் இவற்றில் ஒன்றுதான்.

வேகத்துக்கு மிக எளிய வழி வால்வுக்குள் இருக்கும் ஊசியைக் கழற்றிவிடுவது. சின்ன வேலை, அதற்கென்று ஒரு சிறு சாவி எந்த உதிரிப்பாகக் கடையிலும் கிடைக்கும், பஞ்சிகாவத்தைக்குப் போனால் கேட்கவே வேண்டாம். ஊசி இருந்தால் காற்று அதைச் சுற்றி நெளிந்து போக வேண்டும், இல்லையென்றால் முழுக் குழாயும் திறந்த வழி. பீட் ஏறிய பிறகு குழாயைக் கழற்றினால் காற்று எல்லாம் புஸ்ஸென்று போய்விடும், பயப்பட வேண்டாம், வரம்பு பீட்டைப் பிடித்துக்கொள்ளும். ஊசியைத் திருப்பிப் போட்டுவிட்டு ஆறுதலாகக் காற்றடிக்கலாம்.

ஓட்டையைச் சிறிதாக்க முதல் வேலை, வண்டியின் பாரத்தை டயரிலிருந்து எடுப்பது. ஜாக்கில் தூக்கியதுமே பக்கச் சுவர் தன்பாட்டில் விரிந்து பீட் ரிம்மைத் தொடுவதும் உண்டு, அப்படி வந்தால் சின்னப் பம்பே போதும். எனக்கு வரவில்லை. சக்கரத்தைக் கழற்றிப் படுக்கப்போட்டேன். (கீழே இன்டர்லொக் கல் பதித்த தரை, ஜாக் ஒரு பக்கம் அமிழப் பார்த்தது, ஒரு பலகைத் துண்டை வைத்துத்தான் தூக்கினேன். ஜாக்கை நம்பி வண்டிக்குக் கீழே கையையோ தலையையோ விட வேண்டாம், இது பத்தாயிரம் தடவை சொன்னதுதான்.)

பீட்டை விரலால் இழுத்து உள்ளே பார்த்தபோது காரணம் அங்கேயே இருந்தது. ரிம்மில் பீட் உட்காரும் இடத்தில் பெயின்ட் கொப்புளமாக எழும்பி, சுரண்டினால் அதற்குக் கீழே சீனி மாதிரி வெள்ளைத் தூள். அலோய் ரிம்மில் உப்புக் காற்று செய்கிற வேலை இது, இரும்பு ரிம்மென்றால் வெள்ளைக்குப் பதில் கபிலத் துருவாக உரியும். றப்பருக்கும் உலோகத்துக்கும் நடுவே ஒரு தலைமுடி அளவு மேடு வந்தாலே காற்று கசிய வழி கிடைத்துவிடும். ஒரு நாளைக்கு ஒன்று, ஒன்றரை பி.எஸ்.ஐ. என்று போகும், ஓடுகிற வண்டியில் யாரும் கவனிக்க மாட்டார்கள், நிற்கிற வண்டியில்தான் அது டயரைத் தரையில் உட்காரவைக்கும். 2022இல் பெற்றோல் வரிசைக் காலத்தில் எத்தனை வண்டிகள் கிழமைக்கணக்கில் அசையாமல் நின்றன என்று நினைத்துப் பாருங்கள். அதோடு 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025 தொடக்கத்தில்தான் திரும்பத் திறந்தது, நடுவே எல்லோரும் இருந்த வண்டியையும் இருந்த ரிம்மையும் வைத்துக்கொண்டே ஓட்டினோம். என் ரிம்மும் அந்த வயதுதான். ஆறு மாதத்துக்கு முன் ஒரு கடையில் இதே சக்கரத்துக்குப் புது டயர் போட்டபோது அந்த இடத்தை யாராவது ஒருவர் கம்பி பிரஷால் இரண்டு நிமிடம் தேய்த்திருக்கலாம். தேய்க்கவில்லை, நானும் பக்கத்தில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

டயரின் உட்பக்கத்தையும் கட்டாயம் பாருங்கள். காற்றில்லாமல் சிறிது தூரம் ஓட்டியிருந்தால் உள்ளே றப்பர் அரைபட்டுக் கறுப்புத் தூளாகக் கொட்டிக் கிடக்கும், பக்கச் சுவரில் வளையமாக ஒரு தேய்ந்த கோடு இருக்கும். அந்த டயர் முடிந்தது. அதை ஏற்றி உட்காரவைக்க முடியும், ஏற்றக்கூடாது. கம்பி மடிந்தோ வெளியே தெரிந்தோ இருந்தாலும் அப்படியே. பக்கச் சுவரில் உற்பத்தி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் ஒரு பார்வை பார்க்கலாம், 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை.

பெயின்ட் கொப்புளத்தைக் கம்பி பிரஷால் தேய்த்து, சாண்ட் பேப்பர் போட்டு, ஈரத்துணியால் துடைத்தேன். அரை மணித்தியாலம் போனது, உண்மையில் முழு வேலையிலும் பிரயோசனமான அரை மணித்தியாலம் அதுதான். பிறகு சவர்க்காரத் தண்ணீர். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து பீட்டிலும் ரிம்மிலும் தாராளமாகப் பூச வேண்டும். பீட் ரிம்மில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், காய்ந்த றப்பர் காய்ந்த உலோகத்தில் பிடித்துக்கொண்டு நிற்கும். கிரீஸ், இயந்திர எண்ணெய், மண்ணெண்ணெய் வேண்டாம். அவை றப்பரைக் கெடுக்கும், காயாது, பிறகு பிரேக் பிடிக்கும்போது ரிம் டயருக்குள் சுழலவும் பார்க்கும். சவர்க்காரத் தண்ணீர் வேலை முடிந்ததும் காய்ந்துவிடும்.

எங்கள் கட்டடத்துக்கு அப்போது பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். பெயின்ட் பாஸிடம் 24 லீற்றர் தாங்கி வைத்த கம்பிரசர் ஒன்று இருந்தது, கேட்டதும் தந்தார், தன் பையனையும் வேடிக்கை பார்க்க அனுப்பினார். லொறியில் சாமான் கட்டும் பெல்ட்டை டயர் ஓடும் பரப்பைச் சுற்றிப் போட்டு இறுக்கினேன். நடுவை நெரித்தால் பக்கச் சுவர்கள் வெளியே பிதுங்கும், பீட் உதட்டை நோக்கி நகரும், அதுதான் கணக்கு. உருக்குப் பட்டி வைத்த ரேடியல் டயர் இதற்கு அவ்வளவு இலகுவில் இணங்காது, பழைய வகை நூல் டயரில் நன்றாக வேலை செய்யும். ஆனாலும் என் இடைவெளி பாதியாகக் குறைந்தது. குழாயை வைத்துத் திறந்தேன், ஒன்றும் நடக்கவில்லை, சவர்க்கார நுரைதான் முகத்தில் தெறித்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை பையன் டயரை இரண்டு கையாலும் மேல்நோக்கி இழுத்துப் பிடித்து, ஏறத் தொடங்கியதும் கையை எடுத்துவிட்டான். காற்றின் சத்தம் சட்டென்று மாறியது, சீறல் நின்று ஓர் அடைத்த முணுமுணுப்பு. அது வந்துவிட்டால் டயர் மூடிவிட்டது என்று அர்த்தம். அந்த நொடியிலேயே பெல்ட்டைத் தளர்த்திவிட வேண்டும், இல்லையென்றால் டயர் அதற்குள் ஊதி இறுகிவிடும். டப்.

அழுத்தம் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியாது. 40 பி.எஸ்.ஐ. தாண்டக்கூடாது. கார் டயர் செய்கிறவர்கள் சொல்லும் எல்லை அது, அங்கேயும் பீட் ஏறவில்லையென்றால் காற்றை முழுக்க விட்டுவிட்டுத் திரும்பச் சவர்க்காரம் பூசி முதலிலிருந்து தொடங்க வேண்டும், இன்னும் கொஞ்சம் ஏற்றிப் பார்ப்போம் என்பது கூடாது. ஏனென்று ஒரு கணக்கு: என் டயரின் ஒரு பக்கச் சுவரில் 40 பி.எஸ்.ஐ. காற்று தள்ளும் மொத்த விசை சுமார் 4 டன். பீட் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு மற்ற இடமெல்லாம் ஏறியிருந்தால் அந்தச் சுமையில் பெரும்பங்கு மாட்டிய இடத்துக் கம்பியில் வந்து நிற்கும். கம்பி அறுந்தால் டயரும் ரிம்மும் எந்தப் பக்கம் பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் தாங்கிக் கம்பிரசர் என்றால் அதன் அழுத்தக் கட்டுப்பாட்டை முதலிலேயே 40க்கு வைத்துவிடுங்கள், வால்வில் கடித்து நிற்கும் குழாய் முனையைப் பயன்படுத்துங்கள், குழாயின் நீளத்துக்குத் தள்ளி நில்லுங்கள், டயருக்கு மேலே குனிந்து நிற்க வேண்டாம். டயர் இலக்கத்தின் கடைசி எண்ணும் (என்னுடையதில் 14) ரிம்மின் எண்ணும் ஒன்றுதானா என்றும் பார்க்க வேண்டும், அரை அங்குல வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, கம்பிக்குத் தெரியும்.

மூன்றாம் மாடியிலிருந்து ஒரு மாமா இறங்கி வந்தவர், “தம்பி, ஏன் இவ்வளவு பாடு? கொஞ்சம் பெற்றோலை உள்ளுக்கு விட்டுப் பத்தவையுங்கோ, ஒரு செக்கனில ஏறிடும்” என்றார். போனில் வீடியோவும் காட்டினார். ஏறும், பொய்யில்லை. பனிப் பிரதேசத்தில் பாதையே இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் அதைச் செய்கிறார்கள். எரியும் ஆவி நொடிக்குள் விரிவதால் அதுவும் ‘கெதியா விடுகிற’ வழிதான். ஆனால் எவ்வளவு ஆவி எவ்வளவு காற்றோடு கலந்தது என்று யாரும் அளப்பதில்லை, ஆகவே அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்றும் தெரியாது, 40 என்ற எல்லைக்கு அங்கே வேலையே இல்லை. எரிந்த வாயு ஆறியதும் அழுத்தம் விழுந்து பீட் திரும்ப இறங்கப் பார்க்கும், உடனே காற்றடிக்க வேண்டும், எரியாத ஆவி மிச்சம் இருக்கும் டயருக்குள். பெயின்ட் தின்னர் திறந்து வைத்திருக்கிற, இருபது கார் நிற்கிற ஒரு கீழ்த்தளத்தில். மாமாவுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினோம்.

ஓட்டோ வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. பழைய பஜாஜில் 4.00-8 டயர், உள்ளே டியூப், ரிம் இரண்டு பாதியாகச் செய்து நட்டுகளால் பூட்டியது. அங்கே பீட் ஏற்ற மல்லுக்கட்ட வேண்டியதில்லை, ரிம்மையே பிரித்துவிடலாம். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: சக்கரத்தை வண்டியிலிருந்து கழற்றும் நட்டுகளுக்குப் பதிலாக இரு பாதிகளைச் சேர்க்கும் நட்டுகளைக் காற்றோடு கழற்றினால் ரிம் பாதி முகத்துக்கு வரும். முதலில் வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுக்க விடுங்கள், அதற்குப் பிறகுதான் சாவி. லொறிச் சக்கரத்தை வீட்டில் தொடவே வேண்டாம், வளையம் வைத்துப் பூட்டும் ரிம்களுக்குக் காற்றடிக்க இரும்புக் கூண்டு வேண்டும், அமெரிக்காவில் வேலைத்தளங்களுக்கு அது சட்டம்.

டப் கேட்டதும் வேலை முடிந்தது என்று நினைக்கக்கூடாது. டயரில் ரிம்முக்கு ஒட்டினாற்போல ஒரு மெல்லிய கோடு வார்ப்பிலேயே வந்திருக்கும். அந்தக் கோட்டுக்கும் ரிம் உதட்டுக்கும் இடையிலுள்ள தூரம் சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும், இரண்டு பக்கத்திலும். என் டயரில் வால்வுக்கு எதிர்ப்பக்கம் கோடு ஒரு விரல்கடை நீளத்துக்கு உள்ளே அமிழ்ந்திருந்தது. காற்றை விட்டு, அந்த இடத்தில் மட்டும் திரும்பச் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி, மறுபடி 40க்கு ஏற்றியபோது சத்தமில்லாமல் வெளியே வந்து மற்றதோடு சேர்ந்தது. பிறகு ஊசியைப் போட்டு, கதவோரத்து ஒட்டுத்தாளில் உள்ள அளவுக்குக் காற்றை வைத்து, விளிம்பு முழுக்க நுரை ஊற்றிப் பார்த்தேன். குமிழி வரவில்லை. டயர் ரிம்மில் கொஞ்சம் சுழன்றிருக்கலாம் என்பதால் சக்கரத்தின் பாரம் சமன் செய்வதை (வீல் பாலன்சிங்) ஒரு தடவை கடையில் பார்க்க வேண்டும், கழற்ற முதல் வால்வுக்கு நேரே டயரில் சோக்கால் ஒரு கோடு போட்டிருந்தால் அந்தச் செலவு மிச்சம். எனக்கு அது ஞாபகம் வந்தது எல்லாம் முடிந்த பிறகு.

அடுத்த நாள் காலை வண்டியை எடுக்க முதல் அளந்தேன், வைத்த அளவு அப்படியே இருந்தது. அளவி கையில் இருந்த சூட்டோடு பின்கதவைத் திறந்து ஸ்பேர் வீலையும் பார்த்தேன். 11.